ஆபரேஷனில் மானிட்டர் வைத்தால் இருக்கிற கேட்புத்திறன் போகாதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் 47 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு அவருக்கு இரண்டு காதிலும் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. பல வருடமாக இரு காதுக்கும் மெஷின். இரண்டு வருடமாக வலது காதில் மெஷின் போட்டும் பேச்சு பிடிபடவில்லை. வாடிக்கையாளர் ‘பட்டு’ என்றாரா ‘கட்டு’ என்றாரா என்று கடைப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் மெஷினைக் கழற்றி வைத்தாலும் சித்திரைத் திருவிழாவில் தவிலும் உறுமியும் கேட்கின்றன. டவுன் பஸ் எஞ்சின் கேட்கிறது. அப்பா பேசினால் என்ன சொல்கிறார் என்று புரியாவிட்டாலும் பேசுவது அவர்தான் என்று தெரிகிறது.

மதுரையில் பார்த்த ஈ.என்.டி. டாக்டர் வலது காதுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்கிறார். எலக்ட்ரோடு என்ற மெல்லிய கம்பியை உள்காதுக்குள் செலுத்தி, ஒலியை மின்சாரமாகச் செவி நரம்புக்குக் கொடுக்கிற கருவி அது. எலக்ட்ரோடை உள்ளே செலுத்தும்போதே உள்காதின் சிக்னலைப் பார்த்துக்கொண்டு செய்யும் வசதி இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் என்றும் சொல்லியிருக்கிறார். இன்னொரு மருத்துவமனையில் “அதெல்லாம் தேவையே இல்லை” என்றார்களாம். சென்னையில் இருக்கும் மச்சினன், “அந்த மெஷின் வெச்சா இருக்குறது போகவே போகாது, யோசிக்காம செய்ங்க மாமா” என்கிறாராம். ஒப்புதல் படிவத்திலோ ‘மீதமுள்ள கேட்புத்திறனை முழுமையாக இழக்க நேரிடலாம்’ என்று ஒரு வரி. வாசகர் கேட்கிறார்: “இருக்குறதும் போயிருச்சுன்னா கடையில நான் எப்படி உக்கார்றது? சிக்னல் விழுந்தா ஆபரேஷனப் பாதியில நிறுத்திருவாங்களா? போச்சுன்னா யாரைக் கேக்குறது? புதுசா மருந்து வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமா?” கடிதத்தின் கடைசியில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், டாக்டர் கேட்கவில்லை என்பதால் தானும் சொல்லவில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது.

அன்புள்ள ஐயா,

ஆபரேஷன் செய்கிற ஆள் நான் இல்லை. தியேட்டரில் ஒரு ஓரமாக லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கிற அந்த சிக்னலைப் பார்த்து சர்ஜனுக்குச் சொல்கிற ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறனைச் சோதிக்கிற ஆள். அதனால் அந்தத் திரையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை உங்களுக்கு நேராகச் சொல்ல முடியும். மற்றதையும் சொல்கிறேன், ஆனால் வைத்தியம் பார்க்கிற டாக்டரின் வார்த்தைக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நீங்கள் அனுப்பிய ஆடியோகிராம். எந்தச் சுருதி (ஹெர்ட்ஸ்) எவ்வளவு சத்தத்தில் (டெசிபல்) கேட்கத் தொடங்குகிறது என்று காட்டுகிற வரைபடம் அது; டெசிபல் எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம். வலது காதில் 250 ஹெர்ட்ஸில் 35 டெசிபல், 500-ல் 45, 1000-ல் 70, அதற்கு மேல் 100-ஐயும் தாண்டி விழுகிறது. தாழ்ந்த சுருதி ஓரளவு நன்றாகவே இருக்கிறது, உயர்ந்த சுருதி ஏறக்குறைய இல்லை. தவில் கேட்பதும் ‘பட்டு’ ‘கட்டு’ ஆவதும் இதனால்தான். ‘பட்டு’, ‘கட்டு’, ‘தட்டு’ மூன்றிலும் உயிரொலியின் கனம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, அது உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. முன்னால் நிற்கிற ப, க, த என்று பிரித்துக் காட்டுகிற நுணுக்கம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அந்த இடத்தில், ஒலி அசைவை மின் சிக்னலாக மாற்றுகிற மயிரிழைச் செல்கள் மிச்சமில்லை என்றால் மெஷினில் எவ்வளவு சத்தம் கூட்டினாலும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. வலது காதில் மெஷினோடு சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் 100-க்கு 12 எடுத்திருக்கிறீர்கள், இடது காதில் 48. இம்ப்ளான்ட் என்ற யோசனை நியாயமானது. வலது காதைத் தேர்ந்ததும் சரி.

அந்த மானிட்டர் எதைப் பார்க்கிறது

உள்காதில் காக்ளியா என்ற சுருள் இரண்டரைச் சுற்று. விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம். வாசலில் உயர்ந்த சுருதி, உச்சியில் தாழ்ந்த சுருதி. எலக்ட்ரோடு வாசல் பக்கமிருந்துதான் நுழைகிறது. உங்கள் விஷயத்தில் அது முதலில் கடக்கிற பகுதி ஏற்கெனவே வேலை செய்யாத பகுதி. இன்னும் உயிரோடு இருக்கிற பகுதி உள்ளே, ஆழத்தில். எலக்ட்ரோடு ஆழம் போகப் போகக் கவனம் கூட வேண்டியிருப்பது இதனால்.

மயக்கம் கொடுத்தபின், துணி போட்டு மூடுவதற்கு முன்பே உங்கள் காதுத் துவாரத்தில் ஒரு சின்ன இயர்போனைப் பொருத்திவிடுவோம். அதன் வழியாக, பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸில், விட்டு விட்டு ஒலி கொடுப்போம். உயிரோடு இருக்கிற மயிரிழைச் செல்கள் அசைந்து, அந்த ஒலி அலையின் வடிவத்திலேயே மைக்ரோவோல்ட் அளவில் மின் சிக்னல் தரும். 1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வீவர், பிரே என்ற இருவர் பூனைகளிடம் முதலில் பதிவு செய்தது இதைத்தான். இன்று அதே சிக்னலை, உள்ளே போய்க்கொண்டிருக்கிற எலக்ட்ரோடின் நுனியே பிடித்துத் திரைக்கு அனுப்புகிறது. எலக்ட்ரோகாக்ளியோகிராபி என்று பெயர். நீங்கள் மயக்கத்தில் இருந்தாலும் செல்கள் பதில் சொல்லும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். இரண்டாவது மருத்துவமனையில் “நாங்களும் தியேட்டரில் டெஸ்ட் எடுக்கிறோமே” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது அநேகமாக என்.ஆர்.டி. போன்ற சோதனையாக இருக்கும். எலக்ட்ரோடு முழுவதும் உள்ளே போன பிறகு, அது கொடுக்கிற மின்சாரத்துக்குச் செவி நரம்பு பதில் தருகிறதா என்று பார்ப்பது அது. கருவி வேலை செய்கிறதா என்பதற்கு அது அவசியமான சோதனை. உங்கள் சொந்தக் கேட்புத்திறன் பிழைத்ததா என்பதை அது சொல்லாது. முக நரம்புக்கு வைக்கிற மானிட்டரும் வேறு. மூன்றுக்கும் மானிட்டர் என்றே பேர் சொல்வதால் நோயாளிகள் மட்டுமல்ல, சில சமயம் பில் போடுகிறவர்களும் குழம்புகிறார்கள்.

சிக்னல் விழுந்தால்

எலக்ட்ரோடு நுனி உயிருள்ள செல்களை நெருங்க நெருங்க சிக்னல் சாதாரணமாக ஏறிக்கொண்டே போகும். திடீரென்று இறங்கினால் எச்சரிக்கை. எவ்வளவு இறங்கினால் எச்சரிக்கை என்பதற்குப் பல ஆய்வுகள் 30 சதவீதத்தை எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் நான் “விழுது” என்று சொல்வேன், சர்ஜன் கையை நிறுத்துவார். கொஞ்சம் பொறுப்பார், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னே இழுப்பார், அல்லது கோணத்தை மாற்றுவார். பல நேரம் சிக்னல் திரும்ப ஏறும். 2022-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். சிக்னல் விழும்போது இப்படிக் குறுக்கிட்ட பிரிவினருக்குக் கேட்புத்திறன் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டது. ஆக இது வெறும் படம் காட்டுகிற மெஷின் இல்லை.

ஆனால் உங்கள் மச்சினன் சொல்வதுபோல் உத்தரவாதமும் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் பின்னால் வரும்போது கண்டக்டர் நின்று விசில் கொடுக்கிறாரே, அந்த வேலைதான் என்னுடையது. விசில் கேட்டு டிரைவர் பிரேக் போட்டால் சுவர் தப்பிக்கும். சில தடவை விசில் அடிக்கும்போதே பம்பர் தொட்டிருக்கும்.

பொய் எச்சரிக்கையும் உண்டு. மடங்கிய இயர்போன் குழாய், நடுக்காதில் தேங்கிய ரத்தம் அல்லது நீர், இவற்றால் சிக்னல் இறங்கலாம். 500 ஹெர்ட்ஸுக்குப் பதில் தருகிற செல்கள் இருக்கிற இடத்தை நுனி தாண்டிப் போய்விட்டாலும் சிக்னல் இறங்கும், அங்கே சேதம் எதுவும் நடந்திருக்காது. அலை தலைகீழாகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதைப் பிரித்துச் சொல்ல முடியும். திரையை வாசிக்கப் பழகிய ஆள் இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கி வைத்தால், தேவையில்லாத இடத்தில் நிறுத்துவதும், நிறுத்த வேண்டிய இடத்தில் தள்ளுவதும் நடக்கும். பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் விசாரிக்க வேண்டியது மெஷினின் கம்பெனியை அல்ல, திரைக்கு முன்னால் யார் உட்காரப் போகிறார் என்பதை.

பாதியில் நிறுத்தி, மூடி, அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிப் பொதுவாக நடக்காது. நிறுத்திச் சரிசெய்து தொடர்வார்கள். எவ்வளவு முயன்றும் சிக்னல் திரும்பாவிட்டால் இரண்டு வழி: இருக்கிற ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது, அல்லது உள்ளே இருப்பது போனாலும் பரவாயில்லை என்று முழுவதும் செலுத்துவது. முதல் வழியில் உங்கள் சொந்தக் கேட்புத்திறன் மிஞ்ச வாய்ப்பு கூடும். ஆனால் அது பின்னாளில் போய்விட்டால், மின் கேட்பு எட்டாத பகுதி அதிகமாக இருக்கும். எலக்ட்ரோடின் நீளத்தைத் தேர்வு செய்வதிலும் இதே இழுபறிதான். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது இதை யாரும் உங்களைக் கேட்க முடியாது. எனவே ‘அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று இப்போதே கேட்டு, உங்கள் விருப்பத்தையும் சொல்லி வையுங்கள். எனக்குத் தெரிந்து பெரும்பாலானவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி இது.

ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும்

இதுதான் உங்களுக்குப் பிடிக்காத பகுதி. தியேட்டரில் கடைசிவரை சிக்னல் அசையாமல் நின்றவர்களிலும் சிலருக்கு, சில வாரமோ மாதமோ கழித்துத் தாழ்ந்த சுருதி மெல்லக் குறைகிறது. உள்ளே அந்நியப் பொருள் இருப்பதற்கு உடம்பு காட்டுகிற அழற்சி, எலக்ட்ரோடைச் சுற்றி வளர்கிற நார்த்திசு, இவை முக்கியமான காரணங்கள். அதை எந்த மானிட்டரும் ஆபரேஷன் அன்று காட்டாது. அழற்சியைக் குறைக்கத்தான் ஆபரேஷனை ஒட்டி ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் கடைசி வரி எனக்குப் பதற்றம் கொடுத்தது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது மயக்க மருந்து டாக்டருக்கும் சர்ஜனுக்கும் தெரிந்தே ஆக வேண்டும். காயம் ஆறுவதும் இதில் அடங்கியிருக்கிறது. “கேட்கவில்லை, சொல்லவில்லை” என்று விடுகிற விஷயம் இல்லை ஐயா. போனிலாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் மானிட்டருக்குப் பணம் கொடுப்பது வீணா? உங்களுக்கு வீண் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஏற்கெனவே எதுவுமே கேட்காத ஒருவருக்கு இதனால் கிடைப்பது குறைவு. உங்களிடம் காப்பாற்றத் தகுந்தது இருக்கிறது. அது மிஞ்சினால், ஒரே காதில் தாழ்ந்த சுருதியை ஒலியாகவும் உயர்ந்த சுருதியை மின்சாரமாகவும் கொடுக்கிற பிராசசர் (இம்ப்ளான்டின் வெளியே அணிகிற பகுதி) போடலாம். சந்தடியில் பேச்சைப் பிரித்தறிவதும் பாட்டு பாட்டாகக் கேட்பதும் இதில் நன்றாக இருக்கும். தீபாவளி நேரத்து விளக்குத்தூணில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அதன் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லா மாடல் பிராசசரிலும் இந்த வசதி கிடையாது. கேட்புத்திறனைக் காப்பாற்றப் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்த முடியாத பிராசசரை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“தேவையே இல்லை” என்ற டாக்டரையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். மெல்லிய, வளையும் எலக்ட்ரோடு, வட்டச் சாளரம் (உள்காதின் சவ்வு மூடிய இயற்கைத் துவாரம்) வழியாக நுழைவது, நிமிடக்கணக்கில் நிதானமாகச் செலுத்துவது, ஸ்டீராய்டு, இவற்றை வைத்தே பல சர்ஜன்கள் மானிட்டர் இல்லாமல் கேட்புத்திறனைக் காப்பாற்றி வருகிறார்கள். நல்ல கையும் மானிட்டரும் சேர்ந்தால் நல்லது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கையைத் தேர்ந்தெடுப்பேன்.

முடிவை எதை வைத்து எடுப்பது

நீங்கள் ‘வலது காதில் இருப்பது போகாது என்றால் செய்துகொள்கிறேன்’ என்கிறீர்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வலது காதில் இருப்பது முழுவதும் போனாலும், இந்த ஆபரேஷனால் எனக்கு லாபம் உண்டா? ஆம் என்றால் செய்யலாம். இல்லை என்றால், எத்தனை மானிட்டர் வைத்தாலும் செய்ய வேண்டாம்.

அதற்கு என் கணக்கு இது. வலது காதில் இப்போது உங்களுக்குக் கேட்கிற தவிலும் பஸ்ஸும் இடது காதிலும் கேட்கின்றன; இடது ஆடியோகிராமில் தாழ்ந்த சுருதி வலதைவிடச் சற்று நன்றாகவே இருக்கிறது. அந்தக் காதை யாரும் தொடப் போவதில்லை, மெஷின் அங்கே தொடரும். ஆக மோசமான முடிவிலும் நீங்கள் தவிலை இழக்கப் போவதில்லை. வலது பக்கத்துத் தவிலை இழப்பீர்கள். அது சின்ன இழப்பு என்று சொல்லவில்லை, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் தடுமாற்றம் வரலாம். அதற்கு ஈடாகக் கிடைக்கக்கூடியது, 100-க்கு 12 என்று நிற்கிற காதில் பேச்சு. ‘கடையில் எப்படி உட்கார்வது’ என்று பயப்படுகிறீர்கள். கடையில் உங்களை இப்போது கைவிட்டிருப்பது தாழ்ந்த சுருதி அல்ல, மெய்யெழுத்துகள். இம்ப்ளான்ட் கொடுக்க முயல்வது அவற்றை.

உடனே வந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வாரம் கழித்துத்தான் கருவியை ஆன் செய்வார்கள். ஆரம்பத்தில் குரல்கள் கீச்சென்று, பொம்மை பேசுவதுபோல் இருக்கும். மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

புது மருந்துக்குக் காத்திருப்பது பற்றி: பெரியவர்களுக்கு இறந்துபோன மயிரிழைச் செல்லைத் திரும்ப வளர்க்கிற, அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. மச்சினன் அனுப்பிய வீடியோவில் வருகிற ஜீன் தெரபி, ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கானது. உங்கள் நோயின் போக்கு அது இல்லை. உங்கள் காது வருடா வருடம் இறங்கிக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் நீங்கள் காப்பாற்ற நினைக்கிற தாழ்ந்த சுருதி தானாகவே போகக்கூடும். பேச்சைக் கேட்காமல் ஒரு காது இருக்கிற காலம் நீள நீள இம்ப்ளான்டின் பலனும் குறைகிறது. ஓரிரு மாதம் யோசிப்பதில் தவறில்லை, வருடக்கணக்கில் வேண்டாம்.

கையெழுத்து, உரிமை, பணம்

நான் வக்கீல் இல்லை, ஆனால் தியேட்டரில் இருக்கிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத் தெரியும். அந்தப் பயமுறுத்துகிற வரி படிவத்தில் இருப்பது நல்லதே. ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி வாங்கினால்தான் ஒப்புதல் செல்லும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எதுவும் கேட்க முடியாது என்பது தவறான எண்ணம். கவனக்குறைவு நடந்தால் கையெழுத்து அதை மன்னிக்காது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் சிக்னல் விழுந்தது, கேட்புத்திறன் போனது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. முடிவு சரியில்லை என்பதும் டாக்டர் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதும் வேறு வேறு என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. மானிட்டர் பதிவை வழக்குக்கான ஆயுதமாக நினைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போகாதீர்கள்.

பதிவைக் கேட்டு வாங்குவது வேறு விஷயம், அது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் குறிப்பு, எலக்ட்ரோடின் மாடல், எவ்வளவு ஆழம் போனது, எலக்ட்ரோகாக்ளியோகிராபி வரைபடம் எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கட்டும். பின்னால் பிராசசரை ட்யூன் செய்பவருக்கு இவை உதவும்.

முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா என்ற கேள்விக்கு வருத்தமான பதில்: அந்தத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். தனியார் பாலிசி வைத்திருந்தால், கருவிக்கும் பணம் உண்டா, ஆபரேஷனுக்கு மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். செலவில் பெரும்பகுதி கருவிக்குத்தான், பிராசசரின் பேட்டரியும் உதிரிகளும் ஆயுசுக்கும் தொடரும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

திரையைப் பார்க்கப் போவது யார், இதற்கு முன் பார்த்துப் பழக்கம் உண்டா?

சிக்னல் இறங்கினால் என்ன செய்வீர்கள், திரும்பாவிட்டால் எந்த வழி?

எந்த நீள எலக்ட்ரோடு, ஏன் அது?

இந்தப் பிராசசரில் ஒலியும் மின்சாரமும் சேர்த்துக் கொடுக்க முடியுமா?

ஆபரேஷனுக்குப் பின் எப்போதெல்லாம் ஆடியோகிராம் எடுப்பீர்கள்? (ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையாவது வேண்டும். திடீரென்று குறைந்ததாகத் தோன்றினால் தேதிக்குக் காத்திராமல் அன்றே போங்கள்.)

மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி எப்போது?

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாஸ்க் போட்ட டாக்டர் பேசினால் உதட்டைப் பார்க்க முடியாது, பாதி விட்டுப்போகும். பதிலைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், காது கேட்காதவருக்கு எழுதிக் காட்டுவதும் எங்கள் வேலைதான். மூன்று மாத சர்க்கரை அளவு காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டையும், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.